கல்வராயன் மலையில் முந்திக்கொண்ட பொறி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. இன்ஜினுக்கு மூளை கிடையாது. எனக்கு இருக்கலாம் என்று வீட்டில் ஒரு சந்தேகம் இருந்தது, அதுவும் இந்தப் பயணத்தோடு தீர்ந்தது.

நாகர்கோவிலில் நான் வைத்திருப்பது புல்வெட்டும் மெஷின்களுக்கான உதிரிபாகக் கடை. பாகத்தை விற்பவன் வேறு, இன்ஜினைப் பிரித்து மாட்டுபவன் வேறு. மருந்துக் கடைக்காரர் யாருக்கும் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்வதில்லை. இந்த நியாயம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் கடையில் ஈ ஓட்டும் மதிய நேரங்களில், வெளிநாட்டுக்காரர்கள் குட்டி இன்ஜின்களைப் பூட்டிப் பாரம் இழுக்கும் பந்தயங்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை லதா போன் செய்தாள். அவள் கள்ளக்குறிச்சியில் நர்ஸ். வேலைக்குப் போன இடத்தில் சங்கராபுரத்துப் பக்கத்து குமரேசனைப் பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டாள். குமரேசனுக்குக் குத்தகை நிலம் கொஞ்சம், பெட்ரோலில் ஓடும் சின்ன பவர் டில்லர் ஒன்று, பேச்சு மிகக் குறைவு.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு சிற்றூர். அங்கே சரிவெல்லாம் மரவள்ளி. கிழங்கு பிடுங்கும் பருவத்தில் ஜவ்வரிசி ஆலையின் லாரி ரோட்டோடு நின்றுவிடும். காட்டிலிருந்து ரோடு வரைக்கும் மூட்டைகளை இழுத்துக் கொண்டுவர ஒரு சின்ன வண்டி வேண்டும். அந்த வேலை யாருக்கு என்பதை அவர்கள் ஒரு பந்தயம் வைத்து முடிவு செய்கிறார்கள். மூட்டை ஏற்றிய மரச்சட்டத்தை மேட்டில் யார் வண்டி அதிக தூரம் இழுக்கிறதோ, பருவம் முழுக்க வேலை அவருக்கு. டெண்டர் கிடையாது, சீல் வைத்த கவர் கிடையாது, சிபாரிசுக்கு ஒரு வட்டச் செயலாளர்கூடக் கிடையாது. இவ்வளவு பின்தங்கிய பகுதியா என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

குமரேசன் போன வருஷம் தோற்றிருந்தான். இந்த வருஷமும் தோற்றால் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் தூங்க, இவன் கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான் என்றாள் லதா.

“மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு” என்றேன். “மாப்ளே, நான் வாறேன். டைமிங்கை அட்வான்ஸ் பண்ணிருவோம்.”

“வாங்க மச்சான்” என்றான். அவனுக்கு அது நீண்ட பேச்சு.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் விடிந்ததும் இறங்கினேன். டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். “ஜில்லா ஆனதுக்கப்புறம் இன்னாதான்யா மாறிச்சி?” என்றார் ஒருவர். “போர்டு” என்றார் மற்றவர். எங்கள் குமரி மாவட்டத்தில் இதே கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்வார்கள், கடைசியில் பதிலும் இருக்காது. இங்கே மக்கள் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். என் செலவில் இன்னும் எவ்வளவு மிச்சம் பிடிக்கப்போகிறார்கள் என்று அப்போது தெரியாது.

ஷேர் ஆட்டோவில் ஏறினேன். “இன்னும் ரெண்டு பேருக்கு எடம் கீது, வாங்க வாங்க” என்று டிரைவர் கூவிக்கொண்டே இருந்தார். முன்சீட்டு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதான் ரெண்டு பேர் ஏறிக்கினாரே, எடுப்பா வண்டிய” என்றார். என் உடம்பைப் பற்றி வந்த முதல் குறிப்பு இது. பொதுமக்கள் கருத்து என்று விட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் லதா நின்றிருந்தாள். “உள்ள வாண்ணே, இட்லி வெந்துக்கினு கீது” என்றாள். எங்கள் ஊர்ப் பெண் வாயிலிருந்து ‘வெந்துக்கினு’ வந்ததும் எனக்குப் பெட்டி கையிலிருந்து நழுவியது. மனுஷி ஐந்தாறு வருஷத்தில் முழுசாக இங்கத்தி ஆளாகிவிட்டாள். நான்தான் அரை மணி நேரத்தில் அந்நியன் ஆகியிருந்தேன்.

இனி கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், எனக்கே கொஞ்சம்தான் தெரியும். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடப்போகும்போது பிளக்கில் பொறி விழுகிறது, பெட்ரோல் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. எரிவதற்கும் ஒரு கணம் பிடிக்குமல்லவா? அதனால் உச்சிக்குச் சற்று முன்னாலேயே பொறி விழும்படி கம்பெனிக்காரன் வைத்திருப்பான். அதை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுவதுதான் அட்வான்ஸ். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூரத்தில் தெரியும்போதே சோற்றில் குழி வெட்டி வைத்துக்கொள்வது மாதிரி. அளவோடு செய்தால், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பலம் கூடும். அளவு மீறினால், மேலே ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டனைப் பொறி பாதி வழியிலேயே கீழே உதைத்துவிடும். வேகம் குறைந்து திணறும்போதும், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதும் இந்த உதை ஜாஸ்தி. வீடியோவில் இந்தக் கடைசிப் பகுதி வந்தபோது கடைக்கு ஆள் வந்துவிட்டதால் நான் பார்க்கவில்லை.

இந்தச் சின்ன இன்ஜின்களில் பொறியின் நேரத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு நகத்தளவு இரும்புத் துண்டு. ‘கீ’ என்பார்கள். காந்தம் பதித்த சக்கரத்தையும் அது சுற்றும் தண்டையும் ஒன்றாகப் பூட்டுவது அதுதான். அதன் ஒரு பக்கத்தை அரத்தால் ராவினால், சக்கரத்தை அது சுற்றும் திசையிலேயே இம்மி முன்னால் திருப்பி மாட்டலாம். நான் ராவினேன். இம்மி என்பது எவ்வளவு என்று யாரிடமும் கேட்கவில்லை. ரவை உப்புமாவுக்குக் கண்ணளவில் தண்ணீர் விடுகிறவன் நான், அதே கண்தான் இங்கேயும்.

முதல் இழுப்பிலேயே இன்ஜின் பின்னால் உதைத்தது. கயிறு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி, அதன் பிளாஸ்டிக் கைப்பிடி மூடியில் மோதி இரண்டாக உடைந்தது. “பலம் தாங்கல பாத்தியா மாப்ளே” என்றேன். கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு குமரேசன் வெடுக்கென்று ஒரே மூச்சில் இழுக்கும் வித்தையைப் பிடித்துக்கொண்டான். அப்படி இழுத்தால் உதைக்க நேரம் கிடைக்காது, பிடித்துக்கொள்ளும். இன்ஜின் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் இடம் மாறின. சமதரையில் பாரம் கட்டி ஓட்டியபோது பாய்ந்தது. குமரேசன் சிரித்தான். அவன் பற்களை நான் பார்ப்பது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

“நெஜமாவே இழுக்குது மச்சான்.”

லதா மட்டும் உடைந்த கைப்பிடியை எடுத்துப் பார்த்தாள். “அண்ணே, இது ஆள் கைய ஒடிக்கும் போல கீதே” என்றாள். “அது நம்ம கைதானே, நம்மளுக்குத் தெரியுமே” என்றேன். அங்கேதான் என் விதி சிரித்திருக்க வேண்டும்.

மறுநாள் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் பவர் டில்லரை ஏற்றினோம். முன்னால் டிரைவரும் குமரேசனும் லதாவும். பின்னால் டில்லரைப் பிடித்துக்கொண்டு நான். கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் குட்டியானை முனகியது, பிறகு நின்றது. டிரைவர் இறங்கி வந்து டில்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டில் எது பந்தயத்துக்கு அவசியம் என்று யோசித்தார்.

“வெயிட்டு ஜாஸ்தியா கீது சார். நீங்க பஸ்ல வந்துடுங்க.”

மலைப் பேருந்தில் ஜன்னலோர சீட்டில் ஒல்லியான ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் அய்யாவு என்றார். மீதமிருந்த சீட்டில் என்னால் முடிந்த பாகத்தை வைத்தேன். முதல் வளைவில் நான் அவர் மேல் விழுந்தேன். இரண்டாவது வளைவில் அவர் ஜன்னலோடு ஒட்டிப்போனார். மூன்றாவதில் நண்பர்கள் ஆகிவிட்டோம். பையிலிருந்து கேழ்வரகு அடையும் பச்சை மிளகாயும் எடுத்துக் கொடுத்தார். முருங்கைக்கீரை போட்ட அடை, ஆறிப்போயும் மணம் போகவில்லை. அவர் பங்கையும் நான்தான் தின்றேன் என்பது பையைத் திருப்பி வாங்கியபோது அவர் முகத்தில் தெரிந்தது.

வெளியே மரவள்ளிக் காடுகள் வரத் தொடங்கின. “எங்க ஊர்ல இத அவிச்சு, சாளை மீன் குழம்பு ஊத்தி அடிப்போம்” என்றேன்.

“இது ஆலைக்குப் போற கெழங்குங்க. கசக்கும்.”

“உங்களுக்கும் மரவள்ளிக் காடு இருக்கா?”

“கொஞ்சூண்டு. ஒரு வண்டியும் வச்சிக்கினுகிறேன்” என்று பையைத் திறந்து காட்டினார். கள்ளக்குறிச்சியில் வாங்கியது. ஸ்டார்ட்டர் கயிறு ஒரு சுருள், பிளக் ஒன்று, காகிதத்தில் மடித்த கீ இரண்டு. “ஒண்ணு வாங்குனா தொலஞ்சிடும்ங்க. அதான் ரெண்டு.”

எந்த மனிதனும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் பேசினேன். பந்தயத்துக்குப் போவது, மாப்பிள்ளை வண்டி, அட்வான்ஸ், பொறி, ராவிய கீ, எல்லாவற்றையும் இரண்டு வளைவுகளுக்குள் கொட்டிவிட்டேன். சாம்பார்க் குழி உதாரணம்கூடச் சொன்னேன். உதைப்பதை மட்டும் சொல்லவில்லை, அது தொழில் ரகசியம். அய்யாவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படிங்களா” என்று ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனார்.

ஊரில் மைக் செட் கட்டியிருந்தார்கள். மைக் சின்னபாப்பா என்ற அம்மாளிடம் இருந்தது. அந்த ஊரில் பெரிய மரவள்ளிக் காடு அவருடையது, அதனால் பெரிய குரலும் அவருடையது. மேட்டில் ஒரு செம்மண் பாதை. கீழே மூட்டை ஏற்றிய மரச்சட்டம். போட்டிக்கு இரண்டே வண்டிகள். ஒன்று குமரேசனுடையது. இன்னொன்றின் பக்கத்தில், மஞ்சள் பையோடு, அய்யாவு.

என்னைப் பார்த்துக் கை காட்டினார். நானும் காட்டினேன். என் கை தானாகவே பாதியில் இறங்கியது.

“போன வருசம் ஜெயிச்சவரு அவருதான்” என்றான் குமரேசன். பேருந்தில் நடந்ததை அவனிடம் சொல்வதற்கு அது பொருத்தமான நேரமாகப் படவில்லை.

சின்னபாப்பா மைக்கை ஊதினார். “வண்டில எவனாவது கைய வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் தெரிஞ்சா அபராதம் உண்டு.” குமரேசன் என்னைப் பார்த்தான். நான் மேகத்தைப் பார்த்தேன். அய்யாவுகூட எதுவும் சொல்லவில்லை. அவருடைய பெருந்தன்மையை நான் மனசுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தபோதே அவர் வண்டிக்குக் குமரேசன் போய்க் கயிறு இழுத்தான். எதற்கு இவன் போகிறான் என்று எனக்குப் புரியவில்லை. அய்யாவுவின் இன்ஜின் சாதுவாகப் பிடித்துக்கொண்டது. டுக்கு டுக்கு என்று அவசரமே இல்லாமல் மேடேறிப் போய், பாதியைத் தாண்டி நின்றது. அங்கே ஒரு கல்லை நட்டார்கள்.

“இவன் ஏம்மா அவரு வண்டிக்குக் கயிறு இழுத்தான்?” என்று லதாவைக் கேட்டேன்.

“இந்த வருசம் புதுசா அப்டி வெச்சிகிறாங்களாம்ணே. இவங்க வண்டிய அவங்க ஸ்டார்ட் பண்ணணும், அவங்க வண்டிய இவங்க. எவனாவது தில்லுமுல்லு பண்ணியிருந்தா கைக்குத் தெரிஞ்சிடுமாம்.” சொல்லும்போதே அவள் முகம் மாறியது. எனக்கும் மாறியது.

அய்யாவு எங்கள் வண்டிக்கு வந்துவிட்டார். கயிற்றைப் பிடித்தார், கைப்பிடி இல்லை, முடிச்சு வழுக்கியது. கொஞ்சம் வெளியே இழுத்து, நுனியை உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. எனக்கு அடை கொடுத்த கை அது. கிழங்கு பிடுங்குவது, வண்டி ஓட்டுவது, எல்லாம் அந்தக் கைதான். இன்ஜின் உதைத்தால் கயிறு உள்ளே ஓடும். சுற்றிய கை கூடவே போகும்.

வாயைத் திறந்தால் குமரேசனின் பருவம் போச்சு. திறக்காவிட்டால் அவர் கை போச்சு. நான் வழக்கம்போல முதலில் ஒரு கோமாளித்தனம் செய்து பார்த்தேன். “வந்த விருந்தாளிக்கு ஒரு மரியாதை, நான் இழுக்கட்டா?”

“விருந்தாளிக்குச் சோறு போடுவோம். கயித்த அவருதான் இழுக்கணும்” என்றார் சின்னபாப்பா மைக்கில். கூட்டம் சிரித்தது. அய்யாவு காலை ஊன்றினார்.

“இழுக்காதீய! கை ஒடிஞ்சிரும்!” என்று கத்தினேன். “நான் டைமிங்ல கைவெச்சிருக்கேன். அட்வான்ஸ் பண்ணியிருக்கேன். உதைக்கும்!”

அய்யாவு சிரித்தார். “இதத்தான் பஸ்லயும் சொல்லிக்கினு வந்தாரு. சும்மா வாயி.”

“நம்புங்க அய்யாவு!”

“குழம்பு ஊத்திக் கெழங்கு துன்றன்னு கூடத்தான் சொன்னீங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசினேன், வாங்குவதற்கு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் அவர் கையிலிருந்து கயிற்றை உருவி, முடிச்சை இரண்டு விரலில் பிடித்து, சாதாரண மனிதன் இழுப்பதுபோல இழுத்துக் காட்டினேன். இன்ஜின் என்னை ஏமாற்றவில்லை. டப்பென்று ஒரு உதை. மணிக்கட்டு எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. நான் செம்மண்ணில் உட்கார்ந்திருந்தேன். லதா ஓடி வந்து தன் துப்பட்டாவால் கையைக் கட்டினாள். இறுக்கின இறுக்கில் சிகிச்சை பாதி, கோபம் பாதி.

அய்யாவு தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிய எடுக்கச் சொல்லு வண்டிய, ஆட்டம் முடிஞ்சிச்சி” என்றது ஒரு குரல். “அவுரே சொல்லிட்டாருல்ல, உடுங்க” என்றது இன்னொன்று. கடைசியில் சின்னபாப்பா தீர்ப்புச் சொன்னார். “கீய மாத்திட்டு இழுக்கலாம். ஆனா அபராதம் அபராதந்தான். மச்சான் மூட்டையோட மூட்டையா சட்டத்துல ஏறி ஒக்காரணும்.”

கீயை மாற்றலாம். ஆனால் எந்தக் கீயை? உள்ளே இருப்பது நான் ராவியது. நாகர்கோவிலில் என் கடையில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, நான் எடுத்து வந்தது அரத்தை மட்டும். குமரேசன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்ததை இங்கே எழுதினால் அச்சுக்கோக்கிறவர் வேலையை விட்டுவிடுவார். அப்போது அய்யாவு மஞ்சள் பைக்குள் கையை விட்டு, காகிதத்தைப் பிரித்து, ஒரு கீயைக் குமரேசனிடம் நீட்டினார்.

கீ மாறியது. இன்ஜின் பழையபடி சாதுவானது. அய்யாவு கயிறு இழுக்க, முதல் இழுப்பிலேயே பிடித்தது. நான் மூட்டைகளின் மேல், துப்பட்டாக் கட்டோடு, ஊர்வலத்தில் வந்த சாமி போல உட்கார்ந்திருந்தேன். குமரேசன் கிளட்சை விட்டான்.

மேடேற ஏற இன்ஜினின் மூச்சு குறைந்தது. டுக்கு. டுக்கு. சுற்று மிகவும் குறைந்து, இதோ நிற்கப்போகிறது என்றபோதும் நிற்கவில்லை. நான் ராவிய கீ இருந்திருந்தால் இந்தத் திணறலில் அது எப்போதோ உதைத்து அணைந்திருக்கும், மேடேறும் பந்தயத்துக்கு என் வித்தை வேண்டவே வேண்டாம் என்பது பாரமாக உட்கார்ந்திருந்த எனக்குத்தான் முதலில் புரிந்தது. கல் நெருங்கியது. கூட்டம் கத்தியது. நான் மூச்சை இழுத்துப் பிடித்து எடையைக் குறைக்கப் பார்த்தேன். அடை ஞாபகம் வந்தது. அவர் பங்கையாவது தின்னாமல் இருந்திருக்கலாம்.

கல்லுக்கு ஒரு சாண் கீழே வண்டி நின்றது.

“அந்தாளு எறங்குனா தாண்டிடும்!” என்று ஒருவர் கத்தினார். “அதுக்குத்தானேய்யா ஏத்துனோம்” என்றார் சின்னபாப்பா. அவ்வளவுதான். அப்பீல் கிடையாது, வாய்தா கிடையாது. வேலை அய்யாவுக்கு.

சோறு போட்டார்கள். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு. இடது கையால் தின்ன முடியாமல் நான் படும் பாட்டைப் பார்த்து லதா உருட்டிக் கொடுத்தாள், திட்டிக்கொண்டே. குமரேசன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாடு முடியும்போது அய்யாவு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பெரிய காட்டுக்கு என் வண்டி ஒண்ணு பத்தாது. கெழங்கு புடுங்குனா அன்னிக்கே ஆலைக்குப் போவணும். பாதி நீ இழு. பருவம் முழுக்க வா.”

குமரேசன் நிமிர்ந்தான். சரி என்று தலையை ஆட்டினான். அய்யாவு எழுந்தவர், என்னைக் காட்டி, “இவரு வேணாம்” என்று முடித்தார்.

மறுநாள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் குமரேசன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். என் கை கழுத்தில் தொங்கியது. மலையிலிருந்து இறங்கியதிலிருந்து என்னோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மௌனத்தை எப்படியாவது நல்லபடியாக உடைத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

“மாப்ளே, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். மேட்டுக்கு அட்வான்ஸ் சரிப்படாது. பொறியை இம்மி பின்னால தள்ளிட்டா எப்படி இருக்கும்? கையில அரம் இருக்கு. கீயில அந்தப்பக்கம் லேசா ஒரு ராவு ராவுனா...”

“பஸ் வந்துச்சி மச்சான்.”